ஐஸ் ஹாக்கியில் அடிப்பதற்கென்று ஓர் ஆள் ஏன்?

ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலைக்கூடப் பார்த்திராதவர்களும் அதில் நடக்கும் சண்டையைப் பார்த்திருப்பார்கள். இரண்டு பேர் கையுறைகளை உதறிவிட்டு, ஒருவர் சட்டையை ஒருவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முகத்தில் குத்துகிறார்கள். கோடு போட்ட சட்டைக்கார நடுவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார்கள். அரங்கமே எழுந்து கத்துகிறது. கைபேசியில் வந்து விழும் இந்தத் துண்டுக் காணொளியைப் பார்ப்பவர்கள் இரண்டு முடிவுகளுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்று, அந்த விளையாட்டில் அடிதடிக்கு அனுமதி உண்டு. இரண்டு, அந்த இருவரும் ஆத்திரத்தில் நிதானம் இழந்தவர்கள்.

முதல் முடிவு பாதி தவறு. இரண்டாவது பெரும்பாலும் முழுத் தவறு. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (சுருக்கமாக என்.எச்.எல்.) ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லா அணியிலும் இதற்கென்றே ஓர் ஆட்டக்காரர் சம்பளத்தில் இருந்தார். அவரை என்ஃபோர்சர் என்பார்கள். கோல் அடிப்பது அவர் வேலை அல்ல. தன் அணியின் ஆட்டக்காரர்கள்மீது கைவைக்க எதிரணி யோசிக்க வேண்டும், அதற்காக வைத்திருக்கும் ஆள். மூர்க்கர்கள் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட முடியாத தொழில் இது. வீரம் என்று கொண்டாடுவதற்கும் தயக்கமாக இருக்கிறது. எப்படி நடந்தது என்று பார்ப்போம்.

முதலில் ஆட்டம்

பனித்தளம் சுமார் 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம். சுற்றிலும் பலகைச் சுவர், அதன் மேல் கண்ணாடி. ஓர் அணிக்கு கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள். பந்துக்குப் பதிலாகக் கெட்டியான ரப்பர் வட்டு. அதற்குப் பக் என்று பெயர். ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள். ஸ்கேட் அணிந்தவர்கள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் பறப்பார்கள் என்பதால் யாராலும் தொடர்ந்து ஆட முடியாது. முக்கால் நிமிடம் ஆடிவிட்டு பெஞ்சுக்குத் திரும்புவார்கள், அடுத்த கூட்டம் இறங்கும்.

பக்கை வைத்திருப்பவர்மீது தோளாலோ உடம்பாலோ மோதி, அவரை அதிலிருந்து பிரிக்கலாம். இதை பாடி செக் என்பார்கள். இது விதிக்கு உட்பட்டது. முழங்கையால் இடிப்பது, கையில் இருக்கும் மட்டையால் மணிக்கட்டில் அடிப்பது, முதுகுப் பக்கமாகச் சுவரில் தள்ளுவது இவையெல்லாம் குற்றம். ஆனால் அந்த வேகத்தில், பக் ஒரு மூலையில் இருக்கும்போது இன்னொரு மூலையில் நடப்பது நடுவர் கண்ணுக்குத் தப்பிவிடும். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை நிறுத்த ஆகச் சுலபமான வழி அவரைக் காயப்படுத்துவதுதான் என்ற எண்ணம் பல பயிற்சியாளர்களுக்கு உண்டு. என்ஃபோர்சரின் பிழைப்பு இந்த இடுக்கில்தான் பிறந்தது.

ஐந்து நிமிடக் கணக்கு

சாதாரணக் குற்றம் செய்தவர் 2 நிமிடம் பெனால்டி பெட்டியில் போய் உட்கார வேண்டும். தளத்தின் ஓரத்தில் கண்ணாடி அடைத்த சிறிய அடைப்பு அது. அவருக்கு மாற்று ஆள் கிடையாது, அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். எதிரணிக்குக் கிடைக்கும் இந்தச் சாதகத்துக்குப் பெயர் பவர் பிளே. (கிரிக்கெட்டில் நாம் சொல்லும் பவர் பிளே வேறு. இங்கே தலை எண்ணிக்கையே மாறிவிடுகிறது.) பவர் பிளேயில் கோல் விழுவது சகஜம் என்பதால் 2 நிமிடம் என்பது சின்னத் தண்டனை இல்லை.

சண்டைக்கு 5 நிமிடம். என்.எச்.எல். 1922-லேயே இதற்கு விதி எழுதிவிட்டது. ஆகவே சண்டைக்கு அனுமதி உண்டு என்பது சரியல்ல, தண்டனை உண்டு. கையுறையைக் கழற்றி இருவரும் சமமாக மோதினால் இருவருக்கும் தலா 5 நிமிடம். இருவரும் பெட்டிக்குப் போகிறார்கள், இரண்டு அணியும் மாற்று ஆளை இறக்குகின்றன, கோல்கீப்பர்களை விட்டுவிட்டால் தளத்தில் பழையபடி ஐந்துக்கு ஐந்து. எந்த அணிக்கும் நஷ்டம் இல்லை. பெட்டியில் இருக்கும் இருவரும் ஆட்டத்துக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவர்கள் என்றால், தண்டனையே விழாத மாதிரிதான்.

இந்த ஒரு கணக்குதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒலிம்பிக்கிலும் உலகப் போட்டிகளிலும் சண்டை போட்டவர் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார். அங்கேயும் இதே பனி, இதே பக், பல சமயம் இதே ஆட்டக்காரர்கள். ஆனால் என்ஃபோர்சர் என்ற ஆள் அங்கே இல்லை. ஹாக்கி என்றாலே சூடான ரத்தம், அதனால்தான் சண்டை என்று விளக்குபவர்களிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: ஒலிம்பிக்கில் அந்த ரத்தம் எங்கே போய்விடுகிறது?

"நாய்கள் ஜாக்கிரதை"

சரி, 5 நிமிடத்தில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்றால் லாபம் என்ன?

வீட்டு வாசலில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று ஒரு பலகை தொங்குகிறது. அதனால் திருடனைப் பிடிக்க முடியாது. அதைப் படிக்கும் திருடன் அடுத்த வீட்டைப் பார்த்துப் போக வேண்டும் என்பதே அதன் உத்தேசம். என்ஃபோர்சரைப் பெஞ்சில் உட்காரவைப்பதும் அந்தப் பலகையை மாட்டுவதுதான்.

எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியின் வெய்ன் கிரெட்ஸ்கியை ஹாக்கியின் ஆகப் பெரிய ஆட்டக்காரர் என்பார்கள். 1981-82 பருவத்தில் மட்டும் 92 கோல் அடித்தவர். மெலிந்த உடம்பு. அவர்மீது பெரிய மோதல்கள் அதிகம் விழாததற்கு அதே அணியின் என்ஃபோர்சர் டேவ் செமென்கோ ஒரு காரணம் என்று அந்தக் காலத்தில் ஆடிய பலரும் சொல்வார்கள். கிரெட்ஸ்கியைத் தொட்டவர் செமென்கோவுக்குப் பதில் சொல்ல வேண்டும். செமென்கோவுக்குப் பின் அந்த இடத்துக்கு மார்ட்டி மெக்ஸோர்லி வந்தார். 1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு விற்றபோது கனடாவே கொந்தளித்தது. அந்த ஒப்பந்தத்தில் மெக்ஸோர்லியும் கூடவே போனார்; கிரெட்ஸ்கி கேட்டு வாங்கிக்கொண்ட ஆள் அவர்.

இன்னொரு வகையும் உண்டு. 1974, 1975 இரண்டு ஆண்டுகளும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்ற பிலடெல்பியா ஃப்ளையர்ஸ், பலகை மாட்டிவிட்டுச் சும்மா இருந்த அணி அல்ல. அடித்தே பயமுறுத்திய அணி. அதன் டேவ் ஷூல்ட்ஸ் 1974-75 பருவத்தில் பெற்ற தண்டனை 472 நிமிடங்கள். ஏறக்குறைய எட்டு முழு ஆட்டங்களின் நேரம். இன்றுவரை யாரும் முறியடிக்காத சாதனை, முறியடிக்கப்போவதும் இல்லை.

ஆனால் பலகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. திருட்டு நடக்காத வீட்டில், பலகையால்தான் நடக்கவில்லையா என்று எப்படிச் சொல்வது? விழாத அடியை யாரும் எண்ணி வைப்பதில்லை. என்ஃபோர்சரால் நட்சத்திர ஆட்டக்காரருக்குப் பாதுகாப்பு என்பது ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மனதார நம்பிய விஷயம். நம்பியதே அதற்குச் சம்பளம் கொடுக்கப் போதுமானதாக இருந்தது.

இதுவரை பார்த்ததில் இரண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சண்டைக்குத் தண்டனை உண்டு, ஆனால் இருவரும் சேர்ந்து வாங்கினால் அணிக்கு நஷ்டம் இல்லை. என்ஃபோர்சரின் பயன் அவர் போடும் குத்தில் இல்லை, அந்தக் குத்தை நினைத்து மற்றவர்கள் அடங்குவதில் இருக்கிறது.

எழுதாத விதிகள்

என்ஃபோர்சர்களுக்குள் ஒரு நடைமுறை உண்டு. அதைக் கோட் (code, அதாவது நெறிமுறை) என்பார்கள். எங்கும் எழுதிவைக்கப்படாதது. பின்னாலிருந்து அடிக்கக் கூடாது. எதிராளி சம்மதிக்காமல் தொடங்கக் கூடாது. கீழே விழுந்தவரை அடிக்கக் கூடாது. நீண்ட நேரம் ஆடிக் களைத்துப்போனவரை இழுக்கக் கூடாது. முடிந்ததும் முடிந்ததுதான்.

ஜார்ஜ் லராக் என்ற என்ஃபோர்சர் ஒருமுறை தொலைக்காட்சிக்காகச் சட்டையில் மைக் மாட்டிக்கொண்டு ஆடினார். எதிரணியின் ரைடிஸ் இவானன்ஸிடம், சண்டைக்குச் சம்மதமா என்று கேட்பதும், பிறகு வாழ்த்துச் சொல்வதும் அதில் பதிவாகியிருக்கின்றன. அடுத்த விநாடி இருவரும் குத்திக்கொள்கிறார்கள். குரலில் கோபத்தின் சாயல்கூட இல்லை. லராக் பின்னாளில் கனடாவின் பசுமைக் கட்சியில் துணைத் தலைவராக இருந்தார் என்பதும் ஒரு சுவாரசியம்.

பனியின்மேல் நின்று குத்துவதே தனி வித்தை. தரையில் காலை ஊன்றி உடம்பின் பலத்தைக் குத்தில் இறக்கலாம். இங்கே காலுக்குக் கீழே பிடிமானமே கிடையாது. பலமாக வீசினால் வீசியவரே சுழன்று விழுவார். அதனால் ஒரு கையால் எதிராளியின் ஜெர்சியைத் தோள்பட்டை அருகே கொத்தாகப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி தன்னை நிற்கவைக்கும், எதிராளியின் கையையும் கட்டிப்போடும். மற்றக் கை அடிக்கும். பாதிச் சண்டை அந்தப் பிடிக்கான போராட்டம்தான். பஃபலோ சேபர்ஸ் அணியின் ராப் ரே இதை வைத்து ஒரு தந்திரம் செய்தார். சண்டை தொடங்கியதும் ஜெர்சியை உருவிப் போட்டுவிடுவார். வெற்றுடம்பில் எதைப் பிடிப்பது? கடைசியில் ஜெர்சியைக் கால்சட்டையோடு வாரால் கட்டியிருக்க வேண்டும், கட்டாமல் அது கழன்றால் வெளியேற்றம் என்று லீக் கறார் செய்தது. அந்த விதியை இன்றும் ராப் ரே விதி என்பார்கள்.

நடுவர்கள் ஏன் உடனே விலக்கிவிடுவதில்லை? வீசும் கைகளுக்கும் கூரான ஸ்கேட் தகடுகளுக்கும் நடுவே புகுந்தால் அவர்களுக்கே ஆபத்து. கிடக்கும் மட்டைகளையும் கையுறைகளையும் ஒதுக்கிவிட்டு, ஒருவர் விழும்வரையோ இருவரும் ஓயும்வரையோ காத்திருப்பார்கள்.

கோட் எப்போதும் காப்பாற்றியதா என்றால், இல்லை. 2004 பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் அணித் தலைவர் மார்க்கஸ் நாஸ்லண்ட்மீது மோதிக் காயப்படுத்தினார். மார்ச் 8 அன்று இரு அணிகளும் மீண்டும் சந்தித்தன. மூர் தொடக்கத்திலேயே வான்கூவரின் மேட் குக்கோடு ஒரு சண்டை போட்டு முடித்தார். கோட்டின்படி கணக்கு அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மூன்றாம் பகுதியில் டாட் பெர்ட்டூசி பின்னாலிருந்து மூரைக் குத்தி, அவர்மேல் விழுந்து பனியில் சாய்த்தார். மூரின் கழுத்தெலும்புகள் முறிந்தன. அவர் அதன் பிறகு என்.எச்.எல்.-இல் ஆடவே இல்லை. பெர்ட்டூசி என்ஃபோர்சர் அல்ல, கோல் அடிக்கும் ஆட்டக்காரர்.

அடி வாங்குவது யார்?

இங்கேதான் இந்த ஏற்பாட்டின் கோணல் தெரிகிறது. என் நட்சத்திர ஆட்டக்காரரை உங்கள் அணியில் ஒருவர் அடித்துவிட்டார். என் என்ஃபோர்சர் அவரைத் தேடிப் போகிறார். அவர் கையுறையைக் கழற்ற மறுத்துக் குனிந்துகொண்டால்? என் ஆள் தானாகத் தொடங்கியவர் ஆகிவிடுகிறார். இதற்கு இன்ஸ்டிகேட்டர் விதி என்று பெயர். 1992-இல் இதைக் கடுமையாக்கினார்கள். இன்றைய வடிவில், தொடங்கியவருக்கு 5 நிமிடத்தோடு கூடுதலாக 2 நிமிடமும், அதற்கு மேல் 10 நிமிட ஒதுக்கிவைப்பும் உண்டு. அந்த 2 நிமிடம் அணியை ஓர் ஆள் குறைவாக ஆடவைக்கும். நஷ்டமில்லாக் கணக்கு அங்கே உடைந்துவிடுகிறது.

ஆகவே என் என்ஃபோர்சர் சம்மதிக்கும் ஆளோடுதான் மோத முடியும். சம்மதிக்கும் ஆள் யார்? உங்கள் அணியின் என்ஃபோர்சர். தப்புச் செய்தவர் பெஞ்சில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அவருக்காக, ஒருவருக்கொருவர் எந்தத் தீங்கும் செய்யாத இரண்டு பேர் முகத்தை உடைத்துக்கொள்வார்கள். பலகையைப் பார்த்துப் பயப்பட வேண்டிய ஆள் திருடன்தான்; கடைசியில் இரண்டு வீட்டு நாய்கள் தெருவில் கடித்துக்கொண்டன. என்ஃபோர்சர் வேலையைப் பற்றி எனக்குப் படும் பெரிய குறை, அதன் வன்முறையைவிட, இந்த வீண்தான்.

ஒரு பிழைப்பின் நீளம்

டெரெக் பூகார்ட் 1982-இல் கனடாவின் சஸ்காச்சுவானில் பிறந்தார். வளர்ந்து இரண்டு மீட்டர் உயரத்தைத் தொட்டார். சிறுநகர அணியில் ஆடிய பதின்ம வயதில் ஒருநாள் வெறிபிடித்தவர்போல எதிரணியின் பெஞ்சுக்குள்ளேயே புகுந்து அடித்தார். பார்வையாளர் வரிசையில் இருந்த ரெஜைனா பாட்ஸ் அணியின் தேர்வாளர்கள் பையனைக் குறித்துக்கொண்டார்கள். அதுதான் ஜூனியர் லீக்குக்கு அவர் போன வழி. 16 முதல் 20 வயதுவரையான பிள்ளைகள் ஆடும் லீக் அது, என்.எச்.எல்.-க்கு ஏணி. ஸ்கேட்டிங் சுமார், பக்கைக் கையாள்வது அதைவிடச் சுமார் என்று இருக்கும் பெரிய உடம்புக்காரப் பையன்களுக்கு அந்த ஏணியில் ஒரே ஒரு படிதான் காலியாக இருந்தது.

என்.எச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2001-இல் மினசோட்டா வைல்ட் அணி அவரை ஏழாவது சுற்றில் எடுத்தது. பிறகு கீழ்நிலை லீக்குகளில் சில ஆண்டுகள், 2005-இல் என்.எச்.எல். மொத்தம் 277 ஆட்டங்கள், 3 கோல். ஆட்டத்துக்குச் சில நிமிடங்களே தளத்தில் இருப்பார். மற்ற நேரமெல்லாம் பெஞ்சு. அடுத்த ஊரில் தனக்காக யார் காத்திருக்கிறார் என்பது முன்கூட்டியே தெரியும். முந்தின இரவு தூக்கம் வராது என்பதைப் பல முன்னாள் என்ஃபோர்சர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடிபடுவதைவிட, ஊர் பார்க்கத் தோற்பதும் தோற்றால் வேலை போவதும்தான் பயம்.

2006-இல் அனஹைம் அணியின் டாட் ஃபெடோருக்கை பூகார்ட் குத்திய குத்தில் அவரது கன்னத்தெலும்பு நொறுங்கியது. உலோகத் தகடுகள் வைத்து முகத்தைச் சீரமைத்தார்கள். அடுத்த ஆண்டே ஃபெடோருக் மினசோட்டாவுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் ஒரே உடைமாற்றும் அறையில் பழகினார்கள். பகை என்று எதுவும் இருந்திருந்தால்தானே போவதற்கு?

கைதான் முதலில் கெடும். ஹெல்மெட்டிலும் பல்லிலும் பட்டு விரல் முட்டிகள் கிழியும், எலும்பு உடையும், ஆறுமுன் மறுபடி உடையும். அடுத்த ஆட்டத்துக்கு நிற்க வேண்டும், நிற்காவிட்டால் கீழ் லீக்கில் அதே வேலைக்கு இருபது பேர் தயார். வலிமாத்திரை அங்கேதான் நுழைகிறது. 2010-இல் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணி பூகார்டை 4 ஆண்டுகளுக்கு 65 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்த டிசம்பரில் ஒட்டாவாவில் ஒரு சண்டையில் தலையில் அடிபட்டது. அதோடு அவர் ஆடவில்லை. 2011 மே 13 அன்று மினியாபொலிஸில் மதுவும் ஆக்ஸிகோடோன் என்ற வலிமாத்திரையும் கலந்ததில் இறந்துபோனார். வயது 28. அதே கோடையில் ரிக் ரிப்பியன், வேட் பெலக் என்ற இன்னும் இரண்டு என்ஃபோர்சர்களும் மறைந்தார்கள்.

மூளையில் தெரிந்தது

சி.டி.இ. என்பது தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய மூளைச் சிதைவு நோய். டவ் என்ற புரதம் மூளைத் திசுக்களில் படிந்து பரவும். மறதி, திடீர்க் கோபம், மனச்சோர்வு ஆகியவை இதோடு வரும். இறந்த பிறகு மூளையை ஆய்வு செய்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். டெட்ராய்டில் புகழ்பெற்ற என்ஃபோர்சரான பாப் ப்ரோபர்ட் 2010-இல் 45 வயதில் மாரடைப்பில் இறந்தார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரது மூளையில் சி.டி.இ. இருந்ததைக் கண்டார்கள். பூகார்டின் மூளையில் அது இன்னும் முற்றியிருந்தது, ப்ரோபர்டைவிட 17 வயது இளையவராக இருந்தும்.

சி.டி.இ. இருந்ததால்தான் பூகார்ட் போதைக்குள் போனார் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. லீக் நிர்வாகம் இந்த நோய்க்கும் ஹாக்கிக்கும் தொடர்பை ஒப்புக்கொண்டதும் இல்லை. முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடர்ந்த வழக்கை 2018-இல் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு, பொறுப்பை ஏற்காமலேயே முடித்துக்கொண்டது.

சுருக்கமாக: குற்றம் செய்தவருக்குப் பதில் இன்னொரு என்ஃபோர்சரை அடிக்கும் தொழிலாக இது மாறியது. சம்பளம் உண்மையானது, பயமும் உண்மையானது. உடம்பு கொடுத்த விலையின் ஒரு பகுதி இறந்த பிறகே தெரிந்தது.

வேலை எப்படிப் போனது?

மருத்துவர்கள் சொன்னதால் மட்டும் போகவில்லை. 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் நடக்காமலே போயிற்று. திரும்பி வந்தபோது அணிகளின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்திருந்தது. முதல் ஆண்டில் 3 கோடியே 90 லட்சம் டாலர். பிடித்து இழுத்து வேகத்தைக் குறைக்கும் குற்றங்களுக்கு நடுவர்கள் கண்டிப்பாகத் தண்டனை கொடுத்தார்கள். ஆட்டம் வேகமெடுத்தது. ஐந்து நிமிடம் மட்டும் ஆடி, அதிலும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவருக்கு ஓர் இடத்தையும் பணத்தையும் ஒதுக்குவது கட்டுப்படியாகவில்லை. 2008-09 பருவத்தில் 700-க்கு மேல் நடந்த சண்டைகள் பத்தே ஆண்டுகளில் 300-க்குக் கீழே வந்துவிட்டன. கியூபெக் ஜூனியர் லீக் 2023-இல் சண்டை போட்டால் வெளியேற்றம் என்று விதி செய்தது. ஏணியின் அந்தக் காலிப் படியையே எடுத்துவிட்டார்கள்.

போகிற காலத்தில் ஒரு கூத்தும் நடந்தது. 2016-இல், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்கள் ஆடும் காட்சிப் போட்டியான நட்சத்திர ஆட்டத்துக்கு ரசிகர்கள் வேடிக்கையாக ஜான் ஸ்காட் என்ற என்ஃபோர்சரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை வாழ்நாளில் ஐந்தே கோல் அடித்தவர். இடையில் அவரை வேறு அணிக்கு மாற்றி, அங்கிருந்து கீழ் லீக்குக்கும் அனுப்பினார்கள். விலகிக்கொள்ளச் சொல்லியும் விலகவில்லை. நாஷ்வில்லில் ஆடினார், இரண்டு கோல் அடித்தார், சிறந்த ஆட்டக்காரர் பரிசையும் வாங்கினார். நட்சத்திரங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள்.

சண்டை நின்றுவிட்டதா என்றால், நிற்கவில்லை. 2025 பிப்ரவரி 15 அன்று மாண்ட்ரியாலில், என்.எச்.எல். நடத்திய நான்கு நாடுகள் போட்டியில் அமெரிக்காவும் கனடாவும் மோதின. முதல் ஒன்பது விநாடிகளில் மூன்று சண்டைகள். ஆறு பேரும் தலா 5 நிமிடம் பெட்டியில் உட்கார்ந்தார்கள், இரு அணிக்கும் ஆள் குறையவில்லை. அமெரிக்காவுக்காக முதல் இரண்டு சண்டைகளைப் போட்டவர்கள் மேத்யூ, பிராடி கச்சக் சகோதரர்கள். இருவரும் தங்கள் அணிகளுக்குக் கோல் அடித்துத் தருவதற்காகச் சம்பளம் வாங்குபவர்கள். ஆறு பேரில் ஒருவர்கூட என்ஃபோர்சர் இல்லை.